புக்தால் குகை: இரண்டு மணி நேர நடை, எனக்கு மூன்றே கால்

லடாக்கில் இருக்கும் ஸன்ஸ்கார் போகிறேன் என்றதும் எல்லோரும் மூச்சுத் திணறலைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள், காலடியில் உருளும் சரளைக் கல்லைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அங்கே இருக்கும் புக்தால் பௌத்த மடத்து வாசல் வரை வண்டி போகாது. பதும் ஊரில் இரண்டு நாள் சும்மா படுத்துக் கிடந்து உடம்பை உயரத்துக்குப் பழக்கிவிட்டு (இதை மட்டும் தவிர்க்காதீர்கள்), ஜீப்பில் புர்னே போய் ஒரு வீட்டில் தங்கினேன். இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்றார் வீட்டுக்கார அம்மா. அது அவர் கணக்கு.

புர்னேயில் கர்க்யாக் ஆறும் சரப் ஆறும் சேர்கின்றன. சரப் வரும் பள்ளத்தை ஒட்டித்தான் பாதை. முக்கால்வாசி சுகமான நடைதான், ஆனால் மலை சரிந்த இடங்களில் ஒற்றை அடி அகலம்தான் மிச்சம், கீழே பார்த்தால் கலங்கிய ஆறு. ஓரிடத்தில் வெட்கத்தை விட்டு உட்கார்ந்தபடியே நகர்ந்தேன். பின்னால் கோவேறு கழுதையோடு வந்தவர் பொறுமையாக நின்று, நான் எழுந்ததும் "ஜூலே" (அவர்கள் ஊர் வணக்கம்) என்று சிரித்தார். மூட்டை சுமந்த கழுதை வந்தால் மலைப்பக்கம் ஒதுங்குங்கள், ஆற்றுப்பக்கம் நின்றால் மூட்டை இடித்தே தள்ளிவிடும்.

2014 கடைசியில் இதே ஆற்றின் மேற்பகுதியில் மலை சரிந்து தண்ணீர் ஏரியாகத் தேங்கி, 2015 மே மாதம் உடைத்துக்கொண்டு வந்து பாலங்களை அடித்துப் போனது. அது நினைவில் இருந்ததாலோ என்னவோ, தொங்கு பாலம் ஆடியபோது வயிறு கலங்கியது.

ஒரு வளைவு திரும்பியதும் மடம். செங்குத்துப் பாறையில் கருத்த குகை வாய், அதிலிருந்து வழிந்து உறைந்த மாதிரி வெள்ளை மண் அறைகள். 1820களில் ஹங்கேரிக்காரர் சோமா த கோரோஷ் இங்கேயும் தங்கித் திபெத்திய மொழி படித்தாராம், அவர் பெயரில் கல்வெட்டு இருக்கிறது. எனக்கு அப்போது படிப்பைவிட உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீர்தான் பெரிதாகத் தெரிந்தது, இரண்டு கோப்பை குடித்தேன். குகைக்குள் ஒரு ஊற்று, எடுக்க எடுக்கக் குறையாது என்கிறார்கள். ஒரு வாய் குடித்தேன், பல் கூசியது.

மதியத்துக்கு மேல் காற்று கிளம்பி மண்ணை வாரிக் கண்ணில் போட்டது, அதனால் திரும்பும்போது இன்னும் மெதுவாகத்தான் வந்தேன். போகும்போது எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்டார் அந்த அம்மா. இரண்டரை என்று சொல்லி வைத்தேன்.