பேரேட்டில் ஏறாத சித்தப்பா

போன ஞாயிற்றுக்கிழமை அலமாரியை ஒழித்தபோது நீல அட்டை போட்ட பழைய நோட்டு ஒன்று அகப்பட்டது. கொவிட் காலத்தில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் அன்றைய கொவிட் மரண எண்களை அதில் எழுதிவைப்பேன். கப்பல் நிறுவனத்தில் 34 ஆண்டுகள் கணக்கெழுதிய கை, ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. மொத்தம் ஐந்து பத்திகள். நான் வாழும் சிங்கப்பூர், இந்தியா, மகள் படித்துக்கொண்டிருந்த பிரிட்டன், நம்மைப் போலவே நெரிசலான ஹாங்காங், பிறகு பெரு. பெரு எதற்கு என்று மனைவி கேட்டாள். அந்நாட்டின் காயாவ் துறைமுகத்துக் கணக்கை நான்தான் பார்த்தேன், பழைய பாசம்.

2020 ஆகஸ்ட் 12-க்கு நேராக ஓர் அடித்தல். பிரிட்டனின் மொத்த மரணம் முதல் நாள் 46,706, அன்று 41,329. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். செத்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்களா என்று மகளைத் தொலைபேசியில் கேட்டேன். “விதியை மாற்றிவிட்டார்கள் அப்பா” என்றாள். அதுவரை இங்கிலாந்தில் கொவிட் உறுதியானவர் எத்தனை மாதம் கழித்து எதனால் இறந்தாலும் அது கொவிட் மரணம். இனி 28 நாட்களுக்குள் இறந்தால் மட்டுமே. ஒரே நாளில் 5,377 பேர் பேரேட்டிலிருந்து இறங்கினார்கள்.

பெருவில் நேர்மாறு. 2021 மே 31 அன்று பழைய மரணப் பதிவுகளையெல்லாம் திரும்பப் பார்த்து, 69,342 என்றிருந்ததை 180,764 என்று திருத்தினார்கள். மூன்றே கால் கோடிப் பேர் வாழும் நாடு அது. மறுநாள் செய்திகளில் ‘உலகிலேயே மோசமான நாடு’ ஆகிவிட்டது. எனக்கென்னவோ உலகிலேயே நேர்மையான கணக்குப்பிள்ளை என்றுதான் தோன்றியது.

நம் ஊர்க் கணக்குக்கு வருகிறேன். 2020 முடிந்தபோது சிங்கப்பூரில் தொற்றியவர்கள் 58,000-க்கும் மேல், இறந்தவர்கள் 29. ஈசூன் காப்பிக்கடையில் என்னோடு உட்காரும் நண்பர், “பார்த்தீர்களா அண்ணே, அமெரிக்காவால் முடியாததை நாம் செய்துவிட்டோம்” என்று மேசையைத் தட்டுவார். எனக்கும் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 58,000 பேர் யார்? பெரும்பாலோர் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் இருந்தவர்கள். கொவிடுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் தோளோடு தோள் உரசி நின்றார்களே, அதே இளைஞர்கள். இருபது முப்பது வயதுக்காரர்களை அதிகம் கொல்லாத கிருமி அது. முதியோர் நிறைந்த இத்தாலியின் லொம்பார்டியில் புகுந்தபோது அதன் குணமே வேறாகத் தெரிந்தது.

மரண விகிதம் பார்க்கும்போது, இறந்தவர்களை எத்தனை நோயாளிகளால் வகுக்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். விடுதிகளில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து உறுதிசெய்தவர்கள் 54,505 பேர். இரத்தப் பரிசோதனையில், ஏற்கெனவே தொற்று வந்து போனது தெரியவந்து, அந்த 58,000-இல் சேராதவர்கள் மேலும் 98,289 பேர். தேடினால் ஆள் கிடைப்பார்கள். ஆள் கூடக் கூட மரண விகிதம் தானாகவே இறங்கும். தேடாத நாட்டில் மருத்துவமனைக்கு மூச்சிரைக்க வந்தவர்கள் மட்டுமே நோயாளிகள், அங்கே விகிதம் பயங்கரமாகத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தொற்று இருந்தபோது இதயநோயால் இறந்த ஊழியர்களை நம் சுகாதார அமைச்சு கொவிட் மரணத்தில் சேர்க்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறையை ஒட்டிய விதிதான், தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே மரணம் லண்டனில் நடந்திருந்தால் கணக்கில் ஏறியிருக்கும்.

அதற்காக எல்லாமே எழுதுகிறவனின் பேனா வித்தை என்று காப்பிக்கடையில் ஒருவர் அடித்துச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. ஹாங்காங் பத்தியைக் காட்டினேன். 2021 முடிவில் அங்கே 213 மரணம், இங்கே 828. தோற்றது நாம்தான் என்று தோன்றும். அடுத்த நான்கே மாதங்களில் அவர்கள் 9,000-ஐத் தாண்டினார்கள், நாம் 1,400-க்குள் நின்றோம். அலை வந்தபோது அங்கே 80 வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. இங்கே வீட்டுக்கே வந்து போட்டார்கள். என் மாமியார் கதவைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். தாதி வாசலிலேயே கால்மணி நேரம் நின்று, அவர் பூசைமாடத்தைப் பற்றியே பேசிப்பேசிக் கடைசியில் கையை நீட்ட வைத்துவிட்டாள். இந்த வித்தியாசம் பேனாவில் வந்ததல்ல.

இந்தியப் பத்தியைப் பார்க்கத்தான் மனம் வரவில்லை. 2020, 2021 இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து அரசுக் கணக்கில் சுமார் 4.8 லட்சம் கொவிட் மரணங்கள். அதே காலத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்தவர்கள் 47 லட்சம் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. கணக்கிட்ட முறையே சரியில்லை என்று டில்லி மறுத்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு மரணம்.

2021 மே மாதம், பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் கிராமத்தில் சித்தப்பாவுக்கு நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் மூச்சு வாங்கியது. முதல் மருத்துவமனையில் கட்டில் இல்லை, இரண்டாவதை எட்டுவதற்குள் காரிலேயே போய்விட்டார். பரிசோதனை எடுக்கவில்லை. சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதினார்கள். இங்கிருந்து போக வழியில்லை, வாட்ஸ்ஆப்பில் தீ மூட்டுவதைப் பார்த்தேன். அன்றிரவும் இந்தியப் பத்தியில் அரசு சொன்ன எண்ணைத்தான் எழுதியிருக்கிறேன், கையெழுத்து மட்டும் கோணல்.

பிறகு கொவிடில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சித்தி விண்ணப்பம் எடுத்துக்கொண்டு போனார். பரிசோதனைச் சீட்டு கேட்டார்கள். அவர் பையில் இருந்தது மருந்துக்கடைச் சீட்டு ஒன்றுதான். பாராசிட்டமால் பத்து, இருமல் மருந்து ஒரு புட்டி, முகக்கவசம் இரண்டு.