மாதம் 19 பவுண்ஸ் என்று எழுதியிருந்த தாள்

பெரியம்மாவின் மகன் லண்டனுக்குப் போய்ப் பதினான்கு வருடமாகிறது. 2025 மார்ச் நடுவில், இரவு பத்தரை இருக்கும், வட்ஸ்அப்பில் கூப்பிட்டார். அங்கே வேலை முடிகிற நேரம். இங்கே வட்டக்கச்சியில் அப்பா இன்னும் படுக்கவில்லை. பெரும்போக நெல் மூட்டைகள் விறாந்தையில் இருந்தால் அவருக்கு நித்திரை வராது.

"தங்கச்சி, எனக்குக் கம்பனி கார் தரப்போறாங்கள். முழுக்கக் கரண்டில ஓடுறது. மாதம் 19 பவுண்ஸ்தான் வரியாம். சரியோ எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லு."

ஆறு வருடமாகக் கிளிநொச்சியில் ஒரு சின்ன அலுவலகத்தில் இருந்து இங்கிலாந்துச் சம்பளக் கணக்குத்தான் பார்க்கிறேன். அதனால் குடும்பத்தில் யாருக்கு அங்கத்தைய வரிச் சந்தேகம் வந்தாலும் என் போன்தான் அடிக்கும்.

பக்கத்தில் இருந்த அப்பா கேட்டார்: "கார் கம்பனியின்ர. பிறகேன் இவன் வரி கட்ட வேணும்?"

"முந்தி அரிவு வெட்டினவைக்கு நெல்லாய் அளந்து குடுத்தனீங்கள். காசாய்க் குடுக்காட்டிலும் அது கூலிதானே அப்பா?"

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. கார் என்பது சம்பளத்தோடு அளந்து கொடுக்கும் நெல். அதற்கு ஒரு விலை போட்டு, அந்த விலையைச் சம்பளத்தோடு கூட்டி வரி எடுக்கிறார்கள். அண்ணா மட்டும் விடவில்லை. "நான் வேலைக்குத்தானே கொண்டு போறன்" என்றார். வீட்டிலிருந்து வழமையான வேலையிடத்துக்குப் போய் வருவதை அங்கே சொந்தப் பாவனையாகத்தான் கணக்கெடுப்பார்கள். இந்த இடத்தில் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள்.

கம்பனி கொடுத்த கணக்குத் தாளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். விற்பனையாளர் விலை 38,065 பவுண்ஸ். அதில் பதிவுக் கட்டணம் 55, முதல் வருட வீதி வரி 10. இவை இரண்டையும் கழிக்க வேண்டும், 38,000 வரும். கொண்டுவந்து தரும் கூலி, பெறுமதி சேர் வரி, அண்ணா ஆசைப்பட்டுக் கேட்ட சிவப்பு நிறத்துக்கான மேலதிகக் காசு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். "கம்பனி 34,000க்குத்தான் வாங்குதாம்" என்றார். கம்பனிக்கு எவ்வளவு கழிவு கிடைத்தாலும் வரிக்கு எடுப்பது பட்டியல் விலைதான். ஐந்து வருடம் ஓடிய பழைய காரைக் கொடுத்தாலும் அது புதிதாக இருந்தபோது என்ன பட்டியல் விலையோ அதுதான்.

மின்சாரக் காருக்கு 2025/26 வரி வருடத்தில் அரசு வைத்த வீதம் 3. அந்த 38,000இல் 3 வீதம் எடுத்தால் 1,140, அதுதான் சம்பளத்தோடு கூட்டும் விலை. அதில் 20 வீத வருமான வரி 228. பன்னிரண்டால் பிரித்தால் 19. தாளில் இருந்த கணக்கு பிழையில்லை. "சரிதான் அண்ணா, எடுங்கோ" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

படுத்த பிறகுதான் ஓடி வெளித்தது. நான் அவருடைய சம்பளத்தைக் கேட்கவேயில்லை. தாளை எழுதியவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரே தாளை எல்லோருக்கும் கொடுத்திருப்பார்கள்.

காலையில் கேட்டேன். ஓய்வூதியக் கழிவு போக வருடம் 49,400. இங்கிலாந்தில் 50,270ஐத் தாண்டிய வருமானத்துக்கு 40 வீத வரி. அவருக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையில் 870 பவுண்ஸ்தான் மிச்சம். 1,140ஐக் கூட்டினால் முதல் 870க்கு 20 வீதம், 174 பவுண்ஸ். மிகுதி 270க்கு 40 வீதம், 108. மொத்தம் 282, மாதம் 23.50. தாளில் இருந்ததை விட நாலரைப் பவுண்ஸ் கூட.

அது பெரிய காசில்லை. என்னைக் கவலைப்படுத்தியது ஒப்பந்தம் நாலு வருடத்துக்கு என்பதுதான். மின்சாரக் காருக்கான வீதம் அப்படியே நிற்காது. 2020/21இல் பூச்சியமாக இருந்தது, அப்புறம் 1, பிறகு மூன்று வருடம் 2. 2025/26இல் 3. 2026/27இல் 4, 2027/28இல் 5, 2028/29இல் ஒரேயடியாக 7 என்று ஏற்கெனவே அறிவித்துவிட்டார்கள். சம்பளமும் அந்த 50,270 கோடும் மாறாது என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் வருடம் 434, மூன்றாம் வருடம் 586, நாலாம் வருடம் 890. நாலாம் வருடத்தில் மாதம் 74 பவுண்ஸ் போகும். நாலு வருடமும் சேர்த்து 2,192. தாளில் இருந்த 19ஐ அப்படியே நாலு வருடத்துக்குப் பெருக்கினால் 912தான்.

மறுநாள் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப வேண்டாமோ?" என்றார்.

வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். கூடப் புகை விடும் பெட்ரோல் காருக்கு இந்த வீதம் 37 வரை போகும். அதே விலையில் அப்படி ஒரு கார் எடுத்தால் முதல் வருடமே ஐயாயிரத்துக்கு மேல் கட்டுவார். கம்பனி பெட்ரோல் அடித்துத் தந்து அதில் சொந்த ஓட்டம் ஓடினால் அதற்குத் தனி வரி. மின்சாரம் அங்கே எரிபொருள் கணக்கில் வராது, வேலையிடத்தில் இலவசமாகச் சார்ஜ் பண்ணினாலும் ஒரு சதம் இல்லை. காருக்காக அண்ணாவின் சம்பளத்தில் தேசிய காப்புறுதி என்ற சமூக நலக் கழிவும் வெட்ட மாட்டார்கள், அதைக் கம்பனிதான் கட்டும். வெளியே சொந்தக் காசில் கார் எடுத்துக் காப்புறுதி, திருத்த வேலை எல்லாம் பார்க்கிறவருக்கு இது எவ்வளவோ மேல்.

ஆனால் எவ்வளவு போகும் என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன், இங்கே பெரியம்மாவின் மருந்துச் செலவு. மாதம் ஐம்பது பவுண்ஸ் எதிர்பாராமல் குறைந்தால் அது பெரியம்மாவுக்கு வரும் காசில்தான் முதலில் தெரியும். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் காசை மாதாமாதம் வங்கியில் எடுத்துக் கொடுப்பது நான்தான்.

இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, ஓய்வூதியத்துக்குக் கொஞ்சம் கூடப் போட்டால் 50,270க்குக் கீழேயே நிற்கலாம், முதல் வருடத்துக்கு 270 போதும். மற்றது, நாலு வருடத்துக்குப் பதில் மூன்று வருட ஒப்பந்தம் கேட்டுப் பார்ப்பது. 7 வீதம் வரும் முன்பே கார் கையை விட்டுப் போய்விடும், மூன்று வருடத்துக்கும் சேர்த்து வரி 1,302தான்.

கார் வந்ததும் சம்பளச் சிட்டையில், எவ்வளவு வருமானத்துக்கு வரியில்லை என்று காட்டும் வரிக் குறியீட்டைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். 1257எல் என்பது 1143எல் ஆக மாற வேண்டும். மாறாமல் கிடந்தால் சந்தோசப்படக் கூடாது, பிறகு மொத்தமாகக் கேட்பார்கள்.

மூன்று வருடம் தர முடியுமா என்று அண்ணா எழுதிக் கேட்டிருக்கிறார். சிவப்பு நிறத்தை மட்டும் விட மாட்டாராம்.