பிடியரிசி நோட்டு

அம்மாவின் தகரப் பெட்டியைப் போன வாரம் ஒதுங்க வைத்தபோது நாற்பது பக்க நோட்டு ஒன்று கிடைத்தது. அட்டையில் 'பிடியரிசி 1983'.

மார்த்தாண்டம் பக்கத்தில் எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவார்கள். மாதக் கடைசியில் அது சபைக்குப் போகும். அந்த ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்ததும், 'தாய் தகப்பன் இல்லாத இலங்கைப் பிள்ளைகளுக்கு' என்று அம்மா தலைப்பை மாற்றி எழுதியிருக்கிறாள். மரச்சீனிக் கிழங்கிலேயே நாளை ஓட்டிய வீடுகளின் பெயருக்கு எதிரேயும் அரை உழக்கு, முக்கால் உழக்கு.

அதுவரை யாருக்கும் வருத்தமில்லை. அடுத்து, இந்தக் கொலைகளை நிறுத்தச் சொல்லிப் பிரதமர் இந்திரா காந்திக்கு ஒரு மனு எழுதி, அரிசி வாங்கப் போன வீடுகளிலேயே கையெழுத்தும் கேட்டாள். சபைப் பெரியவர் ஒருவர் கூப்பிட்டுச் சொன்னார்: "பிள்ளே, அரிசி பிடிப்பது தர்மம். கையெழுத்து வாங்குவது அரசியல். அது நமக்கு வேண்டாம்." அந்த 'நமக்கு' யாரைக் குறித்தது என்று அம்மா கடைசிவரை கேலி செய்வாள். மனுவில் முதல் கையெழுத்து அந்தப் பெரியவரின் மனைவி போட்டது.

பிரிட்டனைச் சேர்ந்த எக்லன்டைன் ஜெப் என்ற பெண்ணைப் பற்றிப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. 1918 நவம்பரில் முதல் உலகப் போர் ஓய்ந்தும் பிரிட்டன் கடல் முற்றுகையை விலக்கவில்லை. எதிரி நாட்டுப் பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள். மெலிந்த குழந்தையின் படம் போட்ட துண்டறிக்கையை 1919இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் கொடுத்த ஜெப் கைதானார். தணிக்கை அனுமதி இல்லை என்பது வழக்கு, அபராதம் 5 பவுண்டு. அதை அரசுத் தரப்பு வழக்கறிஞரே தன் கைக்காசில் கொடுத்தாராம்! அந்த மே மாதம் ஜெப்பும் தங்கை டாரத்தி பக்ஸ்டனும் தொடங்கியதுதான் 'சேவ் த சில்ட்ரன்' என்ற குழந்தைகள் உதவி அமைப்பு. பிரிட்டன் பெண்களுக்கு ஓட்டு கிடைத்தே ஓராண்டுதான் ஆகியிருந்தது, அதுவும் 30 வயதும் சொத்துத் தகுதியும் இருந்தால். பால் மட்டும் சேகரித்திருந்தால் ஜெப்பை யார் பிடித்திருப்பார்கள்? 'பசிக்குக் காரணம் நம் முற்றுகை' என்று அச்சடித்ததல்லவா உறுத்தியது.

உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று ஆகி 1996இல் தேர்தல் வந்தபோது, அம்மா வார்டு உறுப்பினருக்கு நின்றாள். நோட்டீஸ் அடிக்கக் காசில்லை. அரிசிக்கு நடந்த அதே வீடுகளுக்கு, அதே வரிசையில் நடந்தாள். ஒன்பது ஓட்டில் தோற்றாள். பெரியவரின் ஓட்டு விழுந்ததா என்று அவளுக்குத் தெரியாது. அவர் மனைவியின் ஓட்டு விழுந்தது என்று மட்டும் அடித்துச் சொல்வாள்.