ஆடிவேல் விவரணத்தை வெளிநாட்டு நிலையங்களுக்கு அனுப்பிய விதம்

பொதுச்சேவை நிலையங்கள் ஒன்றுக்கொன்று நிகழ்ச்சி கொடுத்து வாங்க ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் ஒரு நல்ல வழி. 1964இல் தொடங்கியது, செயலகம் கோலாலம்பூரில். கொழும்பில் முருகனுக்கு எடுக்கும் ஆடிவேல் ரத விழா பற்றிய 15 நிமிட விவரணத்தைப் பரிமாற்றத்துக்குத் தயார்செய்தபோது எங்களை அதிகம் மெனக்கெட வைத்தது ஒலிதான்.

வாங்கும் நிலையம் தன் மொழியில் வருணனை சேர்க்கும். நம் தமிழ்க் குரலை நீக்கினாலும் நாதஸ்வரமும் தவிலும் அரோகராவும் முழுசாக மிஞ்ச வேண்டும். அதற்காக 1, 2ஆம் தடங்களில் முழுக்கலவை, 3, 4இல் வருணனையில்லாத சர்வதேச ஒலி, 5இல் நேர்காணல் குரல் தனியாக வைத்தோம். முடிந்த கலவையில் வருணனைத் தடத்தை மட்டும் மூடிக் கொடுப்பதுதான் பலர் விடும் பிழை. குரலுக்கு வழிவிடத் தாழ்த்திய இடங்களிலெல்லாம் தவில் காரணமில்லாமல் அமுங்கிக் கேட்கும். சர்வதேச ஒலியைப் புதிதாகவே கலக்க வேண்டும்.

அடுத்தது உரிமை. செட்டியார் தெருவில் ரதம் நகரும்போது ஒரு கடை ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு, வெறும் 11 விநாடி. பின்னணியில் கேட்டாலும் கியூ ஷீட்டில், அதாவது நிகழ்ச்சியில் வரும் இசைப் பட்டியலில், பாட்டு, இசையமைப்பாளர், உரிமையாளர், நேர அளவு எல்லாம் எழுத வேண்டும். பிற நாடுகளுக்கான அனுமதியும் வேண்டும். அதே தெருவில் பாட்டில்லாமல் எடுத்த வேறு ஒலியை அங்கே போட்டோம். படப்பிடிப்பு நாளில் ஒவ்வொரு இடத்திலும் 2 நிமிடம் வெறும் தெருச் சத்தம் பதிந்து வையுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.

சராசரி ஒலியளவு -23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு), உச்சம் -1 டெசிபெல். தவில் அடி உச்சத்தைத் தாண்டும் இடங்களைக் கையாலேயே இறக்கினோம். உச்சத்தைத் தானாக வெட்டும் லிமிட்டரை இறுக்கினால் தோலின் அதிர்வு செத்துவிடும்.

படத்தில் பெயர் எழுத்துகள் இல்லாத பிரதி ஒன்றும் போக வேண்டும். விநாடிக்கு 59.94 படம் காட்டும் ஜப்பான் போன்ற நாடுகளுக்கென்று நாமே மாற்றக் கூடாது. எடுத்தபடி விநாடிக்கு 50 என்ற வடிவத்திலேயே அனுப்பினால் அவர்களுடைய கருவி நன்றாக மாற்றும். இரட்டை மாற்றத்தில் ரதம் குலுங்கித் தெரியும்.

கூடவே அனுப்பும் ஆங்கில வசனப் பிரதியில் நேரக்குறியுடன் அரோகராவை அப்படியே எழுதி, பொருளைப் பக்கத்தில் விளக்கினோம்.

விநாடிக்கு 50 மெகாபிட் கோப்பு, படம் மட்டும் ஏறத்தாழ 5.6 ஜிகாபைட். 20 மெகாபிட் இணைப்பில் 40 நிமிடம் வரை எடுக்கும். கோலாலம்பூர் நம்மைவிட இரண்டரை மணி முந்தி. அங்கே மாலை 5 என்றால் இங்கே 2.30. காலையிலேயே ஏற்றுங்கள். கோப்புடன் எம்டி5 எண்ணையும் (கோப்பு சிதையாமல் போனதா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) அனுப்பி, அது பொருந்தியதென்று அவர்கள் எழுதும்வரை மூலத்தை அழிக்க வேண்டாம்.