கொம்பில்லாத நத்தை

மூன்றாம் வகுப்பு மகள் கலர் பேப்பரைக் கன்னாபின்னாவென்று வெட்டிச் சுருளாக ஒட்டிக்கொண்டிருந்தாள். "நத்தைப்பா" என்றாள். டீச்சர் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் நத்தைப் படத்தைக் காட்டிச் செய்யச் சொன்னாராம்.

கொம்பு இல்லை, கண் இல்லை. பச்சைத் துண்டுக்கு அடியில் பசை பிதுங்கி, அதில் அவள் கட்டைவிரல் ரேகை.

மத்தீஸ் தன் நத்தையை 1953-இல் செய்தபோது வயது 83. 1941 அறுவை சிகிச்சைக்குப் பின் பெரும்பாலும் சக்கர நாற்காலி, படுக்கைதான். உதவியாளர்கள் வண்ணம் பூசித் தரும் தாளை அவர் கத்தரிப்பார். படம் கிட்டத்தட்ட 3 மீட்டர் சதுரம்!

எங்கள் டிராயிங் பீரியடில் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை. வகுப்பே அதைத்தான் வரையும்.

இப்போது ஆளுக்கொரு நத்தை.

ஆனால் மத்தீஸையும் அப்படியே காப்பியடிக்கச் சொன்னால், அதற்கு அந்தப் பழைய மலையே தேவலை.