100 கிலோ காய்க்கு 12 கிலோ எண்ணெய்

நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் ஒரு கணக்கு எண் உண்டு. மியூனிக்கில் இருக்கும் ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனம் அது. எந்த வாடிக்கையாளருக்காக எவ்வளவு நேரம் உழைத்தோம் என்று வெள்ளிக்கிழமை மாலைக்குள் எழுதிக் கொடுத்தால்தான் வாரம் முடியும். வருடக்கணக்காக எழுதி எழுதி, எதைப் பார்த்தாலும் "இதற்கு எத்தனை மணி நேரம் ஆகும், யார் தலையில் எழுதுவது" என்று கேட்கும் புத்தி வந்துவிட்டது. இந்தப் புத்தியோடுதான் இத்தாலியில் ஒரு குடும்பத்தின் ஆலிவ் அறுவடைக்குக் கூலி வாங்காத ஆளாகப் போய்வருகிறேன்.

குடும்பம், என்னோடு வேலை பார்க்கும் தோழியுடையது. ஊர் உம்ப்ரியாவில், அசிசிக்கும் ஸ்பொலேட்டோவுக்கும் நடுவே, ட்ரெவி பக்கத்து மலைச்சரிவு. அந்தச் சரிவு முழுக்க ஆலிவ்தான். 2018இல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு அதை உலக வேளாண் மரபுப் பகுதிகளில் ஒன்றாகச் சேர்த்தது. நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள். இத்தாலியிலும் விடுமுறை, மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்திலும் விடுமுறை. மறுநாள் கல்லறைத் திருநாள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் சாமந்திப்பூவோடு கல்லறைக்கு வரும் சமயம் என்பதால், அப்படியே வலையையும் கையில் கொடுத்துவிடுவார்கள். நாங்களும் பிரென்னர் கணவாய் வழியாக ஏறக்குறைய 800 கிலோமீட்டர் காரில் போய்ச் சேர்ந்துகொள்வோம்.

ஆலிவ் பறிப்பது என்றால் கூடையைக் கட்டிக்கொண்டு ஏணியில் நின்று காய் காயாகக் கிள்ளுவது என்று விளம்பரப் படம் பார்த்தவர்கள் நினைப்பார்கள். அப்படிப் பறித்த காலமும் இருந்தது. இப்போது கிளையைப் பிளாஸ்டிக் சீப்பால் வாரி விடுகிறார்கள். எட்டாத கிளைக்கு, பேட்டரியில் ஓடி நுனி அதிரும் நீளக் கம்பு. புளியம்பழம் உலுக்கிப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும், தலையில் விழுவது உட்பட. ஆனால் காயை உதிர்ப்பது பாதி வேலைகூட இல்லை. வலைதான் வேலை.

மரத்தடியில் பச்சை வலையை விரிக்க வேண்டும். தரை சமமாக இருந்தால் பிரச்சினை இல்லை. இங்கே இருப்பதோ கற்களை அடுக்கிக் கட்டிய படிகள். சில இடங்களில் ஒரே ஒரு மரத்துக்காகப் பிறை வடிவில் கட்டிய சின்னக் கல்சுவர். காய் விழுந்த வேகத்தில் கீழே உருண்டு ஓடும். அதனால் வலையின் கீழ் விளிம்பைக் குச்சி நட்டுத் தூக்கிக் கட்ட வேண்டும். இரண்டு வலை சேரும் இடத்தில் மேல் பக்கத்து வலை கீழ் பக்கத்து வலையின் மேல் படிய வேண்டும், மாறிப் போனால் இடுக்கு வழியாகக் காய் போய்விடும். மரம் முடிந்ததும் இரண்டு பேர் நின்று காயை ஒரு மூலைக்கு உருட்டி, சுள்ளியைப் பொறுக்கி எறிந்து, பெட்டியில் கொட்ட வேண்டும். விழுந்த காயை மிதிக்கக் கூடாது. இதெல்லாம் முடிந்தால் வலையை இழுத்துக்கொண்டு அடுத்த மரம். புது ஆளுக்குத் தரும் வேலை இதுதான். எனக்கு இன்றும் இதுதான். பதவி உயர்வு ஏதும் வரவில்லை.

பெட்டிகள் ஓட்டை வைத்தவை. சாக்கில் போட்டு இறுக்கி வைத்தால் காய் சூடேறிப் புளிக்கத் தொடங்கும், எண்ணெயில் அந்த வாடை வந்துவிடும். ஒரு பெட்டி இருபது கிலோவுக்கு மேல் வரும். அதைத் தூக்கிக்கொண்டு படி படியாக இறங்கி வண்டிக்கு வர வேண்டும். வண்டி, பியாஜியோவின் ஆபே. ஆம், நம் ஊர்களில் ஆட்டோவாக ஓடும் அதே ஆபேதான். 1948இல் இத்தாலியில் வந்த சரக்கு வண்டி அது. மூன்று சக்கரம் என்பதால் குறுகலான மலைப்பாதையில் புகுந்து வெளியே வரும்.

எப்போது பறிப்பது என்பதில் ஒவ்வொரு வருடமும் வீட்டில் ஒரு சண்டை. தோழியின் அப்பா அக்டோபர் பாதியிலேயே தொடங்க வேண்டும் என்பார். பெரியப்பா, நவம்பர் நடுவரை பொறுக்கலாம் என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. காய் பச்சையாக இருக்கும்போது பறித்தால் எண்ணெய் குறைவு, ஆனால் கசப்பும் காரமும் நிறைந்திருக்கும். எண்ணெய் சீக்கிரம் கெடாது. பொறுத்தால் அதே 100 கிலோவில் இன்னும் சில கிலோ எண்ணெய் கிடைக்கும். மலிவாகவும் முடியும், ஏனென்றால் ஆலைக்காரர் கூலி வாங்குவது காயின் எடைக்கு. பொறுப்பதில் ஆபத்தும் உண்டு: ஆலிவ் ஈ. காய்க்குள் முட்டை வைத்துவிட்டால் புழு உள்ளேயே தின்று வளரும். ரகமும் ஒத்துழைக்காது. லெச்சினோ சீக்கிரம் கறுத்து, தொட்டால் விழும். இந்தச் சரிவில் அதிகம் இருக்கும் மொரயோலோ சின்னது, உருண்டையானது, காம்பை விடவே விடாது. கம்பு பிடிப்பவர் தோளைத்தான் கேட்கவேண்டும். நவம்பர் 1 என்பது இந்தச் சண்டையில் வந்த சமரசத் தேதி என்று தோழி சொல்வாள்.

மதியச் சாப்பாடு தோட்டத்திலேயே. அவளுடைய அம்மா விடியற்காலையில் எழுந்து பத்துப் பேருக்குச் சமைத்துக் கொண்டுவந்து, சாப்பாடு முடிந்ததும் தானும் ஒரு சீப்பை எடுத்துக்கொள்வார். ரொட்டியில் உப்பு இருக்காது. 1540இல் போப்பாண்டவர் போட்ட உப்பு வரிக்கு எதிராகப் பெரூஜா நகரம் எழுந்த கோபத்தில் உப்பை விட்டவர்கள் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். வரலாற்றாசிரியர்கள் அதை அவ்வளவாக ஒப்புவதில்லை. கதை நன்றாக இருக்கிறது, ரொட்டி எனக்குப் பிடிக்கவில்லை.

ஆலைக்கு நேரம் முன்பதிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் ராத்திரிதான் கிடைக்கும். பறித்த ஒன்றிரண்டு நாளுக்குள் அரைத்தாக வேண்டும் என்பதால் அறுவடைக் காலத்தில் ஆலை தூங்குவதில்லை. ஆலை சொல்லும் குறைந்தபட்ச அளவுக்குக் காய் இருந்தால் தனியாக அரைத்துத் தருவார்கள். இல்லாவிட்டால் ஊரார் காயோடு கலந்து அரைத்து, கொடுத்த காயின் எடைக்கு ஏற்ற பங்கு எண்ணெய். அதனால் எல்லாரும் தங்கள் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காப்பார்கள், அடுத்தவர் பெட்டியை எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். இலையை ஊதித் தள்ளி, கழுவி, கொட்டையோடு சேர்த்து அரைத்து, அந்த விழுதை அரை மணி நேரம் போல மெதுவாகப் பிசைகிறது எந்திரம். வெப்பம் 27 டிகிரியைத் தாண்டாமல் பார்த்தால்தான் குளிர்முறைப் பிழிவு என்று லேபிளில் போடலாம். அப்புறம் மைய விலக்கு விசையில் தண்ணீர், சக்கை, எண்ணெய் மூன்றும் பிரிகின்றன. குழாய் வழியாகக் கலங்கலாக, கண்ணைப் பறிக்கும் பச்சையில் வரும். அடுப்பில் வாட்டிய ரொட்டியில் பூண்டைத் தேய்த்து, அதன் மேல் ஊற்றிக் கையில் தருவார்கள். தொண்டையில் மிளகு போல் இறங்கி இருமல் வரும். இருமினால் சந்தோஷப்படுவார்கள், ஓலியோகாந்தல் என்ற பொருள் செய்யும் வேலை அது, புது எண்ணெய் என்பதற்கு அடையாளம்.

100 கிலோ காய்க்கு எத்தனை கிலோ எண்ணெய் என்று ஆலைச் சீட்டில் வரும் எண்ணுக்காகத்தான் எல்லாரும் காத்திருப்பார்கள். நாங்கள் போகும் சமயத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டைச் சுற்றியே வரும். நம் ஊர் செக்கில் எள் கொடுத்து நாற்பதை ஒட்டி வாங்கிப் பழகியவர்களுக்கு இது அநியாயமாகத் தெரியும். மீதி எல்லாம் தண்ணீரும் சக்கையும்.

என் அலுவலகப் புத்தி சும்மா இருக்குமா? ஒரு தடவை ஆலை வாசலிலேயே கணக்குப் போட்டேன். இந்தச் சரிவில் ஒரு ஆள் நாள் முழுக்கச் சீப்பால் வாரி 80 கிலோ சேர்த்தால் நல்ல கை. எண்ணெய் பத்து கிலோகூட இல்லை, லிட்டரில் பத்தரை. நாள் கூலி 80 யூரோ என்று வைத்தால் பறிகூலி மட்டுமே லிட்டருக்கு ஏழரை யூரோவைத் தாண்டுகிறது. ஆலைக் கூலி, கவாத்து, புல் வெட்டுவது, சுவர் சரிந்தால் கட்டுவது, ஆபேக்கு எரிபொருள், அம்மாவின் சமையல் எதுவும் இதில் இல்லை. அந்தப் பக்கம் ஸ்பெயினில் ஜாயென் மாகாணத்தில் மட்டும் ஆறு கோடிக்கு மேல் ஆலிவ் மரங்கள். அங்கே அடிமரத்தைப் பிடித்து உலுக்கும் எந்திரம் நிமிடங்களில் ஒரு மரத்தை முடித்துவிடுகிறது. வேலி போல வரிசையாக நட்ட புதுவகைத் தோட்டங்களில் எந்திரம் மரத்துக்கு மேலேயே ஏறிப் போகிறது. கடை விலையைத் தீர்மானிப்பது அந்த எந்திரங்கள். கல்படிக்கு எந்த எந்திரமும் ஏறாது.

இந்தக் கணக்கைத் தோழியின் அப்பாவிடம் காட்டினேன். அவர் ஓய்வு பெற்ற தபால்காரர், எண்ணுக்கு மிரளுகிறவர் இல்லை. "கூலி போட்டால் இந்த மரம் எப்போதோ செத்திருக்கும்" என்றார். பிறகு 1985ஐப் பற்றிச் சொன்னார். அந்த ஜனவரியில் மத்திய இத்தாலியில் விழுந்த பனி ஆலிவை வேரோடு இல்லையென்றாலும் தண்டோடு கொன்றது. மரப்பட்டை வெடித்துப் பிளந்தது. தரைமட்டத்துக்கு வெட்டிவிட்டு, அடியிலிருந்து கிளம்பிய துளிரில் மூன்று நான்கை மட்டும் விட்டு வளர்த்தார்கள். அதனால்தான் அந்தப் பக்கத்தில் ஒற்றைத் தண்டாக இல்லாமல் புதர் போலப் பல தண்டுகளோடு நிற்கும் மரங்களை நிறையப் பார்க்கிறோம். மேலே இருப்பது நாற்பது வயது, வேர் அவருடைய தாத்தாவுக்கும் மூத்தது. திரும்பக் காய்க்கும் வரை எண்ணெயைக் கடையில் வாங்கினார்கள். அப்போது விட்டவர்கள் விட்டுவிட்டார்கள். பக்கத்துப் படிகளைக் கையால் காட்டினார்: முள்ளும் புதரும் மூடி, சுவர் சரிந்து கிடந்தன. "அங்கே பறிப்பதற்கு யாருக்கும் நஷ்டம் இல்லை" என்றார்.

சரி, அப்படியென்றால் கூலி இல்லாமல் வேலைக்குப் போவது எங்கேயும் சரியா? எனக்கு இதில் உறுதியான அபிப்பிராயம் உண்டு. இந்தக் குடும்பத்தின் எண்ணெய் மூன்று வீட்டு அடுக்களைக்கும், கொஞ்சம் உறவுக்காரர்களுக்கும் போகிறது. ஒரு லிட்டர்கூடக் கடைக்குப் போவதில்லை. நான் வராவிட்டால் என் இடத்தில் கூலிக்கு ஒருவரை வைக்க மாட்டார்கள். இன்னும் இரண்டு நாள் கூடுதலாக அவர்களே குனிவார்கள். அதனால் என் உழைப்பு யார் வயிற்றிலும் அடிக்கவில்லை. ஆனால் அதே இத்தாலியில் தெற்கே வயல்களுக்கு ஆள் பிடித்துக்கொடுத்து, கூலியில் கைவைக்கும் கங்காணிகள் இருக்கிறார்கள். 2015இல் பூலியாவில் திராட்சைத் தோட்டத்தில் ஒரு பெண் தொழிலாளி வேலையிலேயே இறந்த பிறகு பெரிய சர்ச்சை எழுந்தது. அடுத்த ஆண்டே கங்காணி முறைக்கு எதிராகச் சட்டம் கடுமையானது. சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. அப்படி ஒரு நாட்டில், லேபிள் ஒட்டி விற்கும் தோட்டத்துக்குப் போய் "அனுபவத்துக்காக" இலவசமாகப் பறித்துக்கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. சில இடங்களில் பறிப்பதற்கு விருந்தினர்களிடம் பணமே வாங்குகிறார்கள். அது சுற்றுலா, அதோடு எனக்குச் சண்டை இல்லை. சாப்பாடும் படுக்கையும் கொடுத்து ஆறு மணி நேரம் வேலை வாங்கும் ஏற்பாடுகளில் நல்லவையும் உண்டு. நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எண்ணெய் எங்கே போகிறது?

உதவிக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்லலாம். வேலையின் நடுவே படம் எடுத்துக்கொண்டு நிற்பவரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் மறு வருடம் கூப்பிடுவதில்லை. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். நாள் முழுக்க அண்ணாந்து பார்க்கிற வேலையில் இலையும் தூசும் நேராகக் கண்ணுக்கே வரும். மழை பெய்தால் வேலை நிற்கும், அன்று வீட்டில் வலையின் கிழிசலைத் தைப்பார்கள். அதற்கும் உட்கார வேண்டும். இந்தத் தையல் வேளையில்தான் பெரியப்பா என்னிடம் நிறையப் பேசினார். நான் பேசும் இத்தாலி மொழி அவருக்குப் பாதிதான் புரியும், அவருடைய வட்டாரப் பேச்சு எனக்குக் கால்வாசி.

கிளம்பும்போது ஐந்து லிட்டர் டின் ஒன்று காரில் ஏறிவிடும். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். அம்மா காது கேளாதவர் போல நடந்துகொள்வார். தக்காளிக்கும் பருப்புக்கும் அந்த எண்ணெய்க்கு நிகரில்லை. இட்லிப் பொடிக்குக் குழைத்தும் பார்த்தேன். அதற்கு நல்லெண்ணெய்தான்.

சென்ற அறுவடையில் கிளை தாழக் காய்த்தது. ஆலிவ் ஒரு வருடம் அள்ளிக் கொடுத்தால் மறு வருடம் கையை மடக்கும் என்பதால், வரும் நவம்பருக்கு அதிக ஆள் தேவைப்படாது என்று தோழி சொல்லிவிட்டாள். அதற்குப் பதில் மார்ச்சில் கவாத்துக்கு வரச் சொல்கிறார்கள். ரம்பமும் கத்தரியும் பெரியப்பா கையை விட்டுப் போகாது. வெட்டி விழுந்த கிளையை இழுத்துக் குவிக்கும் வேலை எனக்கு. விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாயிற்று.