பிப்பின் பயம், பிப்பின் வெட்கம்

ஜூன் 4

டேவிட் லீன் 1946-இல் எடுத்த ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ படத்தை மறுபடி பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். கையில் டிக்கன்ஸின் நாவல். படத்தில் கொஞ்சம் பார்ப்பது, அந்த அத்தியாயங்களைப் படிப்பது, தோன்றியதை இங்கே எழுதிப் போடுவது. 1860 டிசம்பரில் தொடங்கி 1861 ஆகஸ்ட் வரை வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்த நாவல் இது. எனக்கும் அவசரம் இல்லை.

இன்று கல்லறைக் காட்சியிலேயே நிறுத்திவிட்டேன். இங்கிலாந்தின் கென்ட் சதுப்பு நிலம், பொழுது சாயும் நேரம். கரைமேல் பிப் என்ற பையன் ஓடி வருகிறான், வழியில் தூக்குமரம். சுவர் ஏறிக் குதித்து அம்மா அப்பா கல்லறைக்கு வந்து களை பிடுங்குகிறான். காற்று. மொட்டை மரம் கிறீச்சிடுகிறது. நிமிர்ந்து பார்க்கிறான், மரத்துக்கே முகம் இருக்கிற மாதிரி தெரிகிறது. எழுந்து ஓடுகிறான், கேமராவும் கூடவே ஓடுகிறது. தப்பித்துவிட்டான் என்று நினைக்கும்போதே ஒரு ராட்சச உடம்பின் மேல் போய் மோதுகிறான்.

நாவலில் தப்பியோடிய கைதி மேக்விட்ச் கல்லறைகளுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்து மிரட்டுகிறான். படத்தில் பையனே ஓடிப்போய் அவனிடம் மாட்டுகிறான். பயந்து ஓடியவன் போய் விழுந்த இடமே பயம். தழுவல் என்று சொல்வது இந்த மாதிரி வேலையைத்தான்.

ஜூன் 5

படம் பார்க்கவில்லை. முதல் பக்கத்தை மட்டும் திரும்பப் படித்தேன். இறந்துபோன ஐந்து குட்டிச் சகோதரர்களுக்கு ஒன்றரை அடி நீளத்தில் ஐந்து குட்டிக் கற்கள். கென்ட்டில் கூலிங் என்ற ஊரின் தேவாலயத்தில் இப்படிப்பட்ட குழந்தைக் கல்லறைகளை இன்றும் பார்க்கலாம். அங்கே பதின்மூன்று. டிக்கன்ஸ் குறைத்துத்தான் எழுதியிருக்கிறார்.

ஜூன் 7

சாடிஸ் மாளிகை. கல்யாணத்தன்று மாப்பிள்ளை கைவிட்ட மிஸ் ஹாவிஷாமின் வீடு; பிப்பை இங்கே விளையாட வரச் சொல்கிறார்கள். எட்டு நாற்பதுக்கு நின்றுபோன கடிகாரங்கள், ஒட்டடை படிந்த கல்யாண கேக், நரைத்த தலையில் முக்காடு. மார்ட்டிடா ஹண்ட்டின் மிஸ் ஹாவிஷாமைப் பார்த்தபின் நாவலைப் படித்தாலும் அவர் குரல்தான் கேட்கிறது. 1939-இல் அலெக் கின்னஸ் மேடைக்காக எழுதிய வடிவத்திலேயே அவர் இந்த வேடம் கட்டியிருந்தார். லீன் அதைப் பார்த்துத்தான் இந்தக் கதைக்குள் வந்தார். ஒளிப்பதிவுக்கு கை கிரீனும், கலை இயக்கத்துக்கு ஜான் பிரையனும் வில்ஃபிரட் ஷிங்கிள்டனும் ஆஸ்கர் வாங்கினார்கள். இந்த ஒரு அறைக்கே கொடுத்திருக்கலாம்.

சீட்டாடும்போது ஹாவிஷாமின் வளர்ப்பு மகள் எஸ்டெல்லா பிப்பின் முரட்டுக் கையையும் கனத்த பூட்ஸையும் ஏளனம் செய்கிறாள். ஜீன் சிம்மன்ஸ் அப்போது பதினாறு பதினேழு வயதுப் பெண். கண்ணாலேயே ஆளைக் குட்டையாக்கிவிடுகிறார். அதுவரை பையனுக்குத் தெரிந்தது பயம் மட்டும்தான். வெட்கம் இங்கேதான் ஒட்டிக்கொள்கிறது.

ஜூன் 8

பையன் பெரியவனாகிவிட்டான். யாரோ கொடுத்த பணத்தில் லண்டனில் கனவானாகப் பழகுகிறான். கூட உட்கார்ந்திருந்த அக்கா மகன், “மாமா, இவருக்கா இருபது வயசு?” என்றான். படம் வந்தபோது ஜான் மில்ஸுக்கு 38. “ஏன்டா, நம்ம ஆளுங்க நாற்பதுல காலேஜுக்கு நோட்டு தூக்கிட்டுப் போறப்ப விசில் அடிக்கறே இல்ல?” என்றேன். பிப்பின் லண்டன் நண்பன் ஹெர்பர்ட்டாக வரும் கின்னஸுக்கு 32. அவர் பிப்புக்கு முள்கரண்டி பிடிக்கச் சொல்லித்தரும் இடத்தில் பயல் சிரித்துவிட்டான்.

ஜூன் 10

இன்று பிப்பின் அக்கா கணவர் ஜோ லண்டனுக்கு வரும் நாள். நாவலில் இது 27-ஆம் அத்தியாயம். என் கணக்கில் மொத்தப் புத்தகத்திலும் இதுதான் உச்சம்.

வளர்த்த மனிதர், கொல்லர், ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் மாடியேறி வருகிறார். மிதியடியில் கால் துடைத்துத் தீரவில்லை. தொப்பியை முட்டையுள்ள பறவைக்கூடு மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார் என்கிறார் டிக்கன்ஸ். பிறகு கணப்புக்கு மேலே ஓரத்தில் வைக்கிறார், விழுகிறது, பாய்ந்து பிடிக்கிறார், திரும்ப வைக்கிறார், திரும்ப விழுகிறது. கடைசியில் மிச்சத் தேநீர் ஊற்றும் கிண்ணத்துக்குள்ளேயே தொப்பி போய்விடுகிறது. பிப்பை ஒரு வாய் பேர் சொல்லி, மறுவாய் ‘சார்’ என்கிறார்.

படத்திலும் தொப்பி விழுகிறது. பெர்னார்ட் மைல்ஸ் அருமையாகத் தடுமாறுகிறார். ஆனால் நாம் பார்ப்பது ஜோவின் சங்கடத்தை. நாவலில் எரிகிறது பிப்பின் வெட்கம். பணம் கொடுத்தால் ஜோ வராமல் இருப்பார் என்றால் நிச்சயம் கொடுத்திருப்பேன் என்று ஒரு வரி எழுதுகிறானே, அந்த வரிக்கு என்ன ஷாட் வைப்பது? லீன் பின்னணிக் குரலில் பிப்பைக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கிறார். குரல் சொல்கிறது; ஜான் மில்ஸின் முகத்தில் நல்ல மனிதனின் லேசான அசௌகரியம்தான் இருக்கிறது. பயத்தை மரமும் காற்றும் வைத்தே காட்டிவிட்டவர், வெட்கத்துக்கு வசனத்தை நம்ப வேண்டியிருந்தது.

போகும்போது ஜோ, பட்டறை உடுப்பில் கையில் சுத்தியலோடு என்னை நினைத்துப் பார், இதில் பாதி குறைகூடத் தெரியாது என்கிறார். இந்த இடத்தைப் படித்துவிட்டு உடனே வேறு வேலை பார்க்க முடிவதில்லை.

ஜூன் 11

ஜோவின் பட்டறையில் வேலை பார்க்கும் ஓர்லிக் படத்தில் இல்லவே இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க யாரையாவது வெட்டித்தான் ஆகவேண்டும், புரிகிறது. ஆனால் உன் அக்காவை அடித்தது நான் இல்லை, நீதான் என்று பிப்பின் முகத்துக்கு நேரே சொல்கிறவன் அவன் ஒருவன்தான். அவனை வெட்டியதும் பிப் இன்னும் கொஞ்சம் வெளுத்துவிட்டான்.

ஜூன் 13

முடித்துவிட்டேன். டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவில் பிப்பும் எஸ்டெல்லாவும் லண்டன் தெருவில் சந்தித்து, நாலு வார்த்தை பேசிப் பிரிகிறார்கள். எஸ்டெல்லா மறுமணம் ஆனவள். நண்பர் புல்வர் லிட்டன் சொன்னதைக் கேட்டு, இடிந்த மாளிகையில் சேர்ந்து நடப்பதாக மாற்றினார். லீன் மூன்றாவதாக ஒன்று வைக்கிறார். கட்டிக்கொள்ள இருந்த டிரம்மிள் கைவிட்ட எஸ்டெல்லா ஹாவிஷாமின் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க, பிப் திரைச்சீலைகளைக் கிழித்து வெயிலை உள்ளே விடுகிறான்.

தியேட்டரில் கைதட்டல் வாங்கும் காட்சிதான். எனக்குக் கொஞ்சம் கசக்கிறது. நாவலின் பிப் யாரையும் காப்பாற்றவில்லை. காய்ச்சலில் கிடந்தவனை ஜோ பார்த்துக்கொண்டு, கடனையும் அடைத்துவிட்டு, அவன் எழுவதற்குள் சொல்லாமல் போய்விடுகிறார். அப்படிப்பட்டவனுக்குக் கடைசியில் வீரன் வேடம் எதற்கு?

அடுத்தது 1989-இல் வந்த தொலைக்காட்சித் தொடர். அதில் ஜீன் சிம்மன்ஸ்தான் மிஸ் ஹாவிஷாம். அக்கா மகனிடம் சொன்னேன், “அந்தப் பொண்ணா?” என்று வாயைப் பிளந்தான். அவனும் பார்க்கிறானாம்.